இரண்டு கோடு காட்டுகிறது, ஆனால் பேச முடியவில்லை



நீளமாக எழுதி ரொம்ப நாளாயிற்று. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இன்று செல்போன் டவரைப் பற்றி எழுதப் போகிறேன். "ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

2022 மே மாதம் ஓய்வு பெறும் வரை பதினோரு வருடம் கல்வராயன் மலையில் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துப் போகும் ஊர். அந்த ஊர்ப் பெற்றோர்கள் சிலர் போன வருடம் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான். "எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, ஒரு டவர் அமைத்துத் தர வேண்டும்" என்பது சாரம்.

சில வாரம் கழித்து ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நின்று தன் போனை எடுத்து உயர்த்திக் காட்டினார். "பாருங்க, ரெண்டு கோடு காட்டுதே. டவர் இருக்குதுங்களே!" அவ்வளவுதான். அந்தக் கிராமத்தில் ஏற்கெனவே சிக்னல் உள்ளது என்று பதில் வந்தது. மனு முடிந்தது.

ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கோடு இரண்டு இருந்தது உண்மைதானே! ஆனால் அந்த இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு அங்கே யாரும் ஒரு போன் பேசி முடித்ததில்லை என்பதும் உண்மை.

அந்த ஊரில் டவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சமவெளியில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால்தான் அரிசி. அந்த மெஷினுக்கு சிக்னல் வேண்டும். சில நாட்களில் கடைக்காரத் தம்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்குப் போவார். வயதான அம்மாக்கள் அரிசிப் பையோடு பின்னால் ஏறுவார்கள். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் வருகைப் பதிவு கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். எடுத்த படம் போய்ச் சேர டவர் வேண்டும். கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பினேன். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணுக்கு ராத்திரி பிரசவ வலி வந்தது. வீட்டுக்காரர் 108-ஐ அடிக்கிறார், கோடு இரண்டு காட்டுகிறது, ரிங் போவதற்குள் துண்டிக்கிறது. திரும்ப அடிக்கிறார், திரும்பத் துண்டிக்கிறது. கடைசியில் இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்த்தான் பேச முடிந்தது. வண்டி வந்தது, வழியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் கோடே காட்டாமல் இருந்திருந்தால் அவர் முதலிலேயே மேட்டுக்குப் போயிருப்பார். அந்த இரண்டு கோட்டை நம்பித்தான் அரை மணி நேரம் வீட்டு வாசலிலேயே நின்றார். எனக்கு இது ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கு என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். உறவுகளுக்கு யார் என்று தெரியும். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் வேலையே வைஃபை சிப்களுக்கு டிரைவர் எழுதுவது. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்புக்கும் நாம் பார்க்கிற திரைக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்ன மென்பொருள். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"பெரியம்மா, கோட்டைப் பார்க்காதீங்க. அது கிரேடு மாதிரி. மார்க் உள்ளே இருக்குது, அதைப் பாருங்க" என்றான்.

டீச்சருக்குப் புரியும் பாஷையில் சொன்னான். எனக்கு உடனே பிடிபட்டது.

2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது மார்க்கோடு கிரேடும் போட ஆரம்பித்தோம். 91-லிருந்து 100 வரை ஏ1. அந்த எல்லை எல்லாப் பள்ளிக்கும் ஒன்று. அதனால் என் பள்ளி ஏ1-ம் சங்கராபுரத்துப் பள்ளி ஏ1-ம் ஒன்று. ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்கு எல்லை போட்டால் என்ன ஆகும்? ஒரு பள்ளியில் 60 வாங்கினவனும் ஏ1, இன்னொரு பள்ளியில் 90 வாங்கினவனும் ஏ1. செல்போன் கோட்டின் கதை அதுதான். எத்தனை மார்க்குக்கு எத்தனை கோடு என்று உலகம் முழுக்கப் பொதுவான விதி கிடையாது. போன் செய்கிறவர்களும் சேவை தருகிற கம்பெனிகளும் வைத்ததுதான் எல்லை.

இதற்குப் பெரிய இடத்து சாட்சியே இருக்கிறது. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, கையில் ஒரு விதமாகப் பிடித்தால் கோடுகள் சரிகின்றன என்று ஊர் உலகமெல்லாம் புகார். அந்த வருடம் ஜூலை 2-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனியே ஒரு கடிதம் வெளியிட்டது. கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே முழுக்கத் தவறு, இரண்டு கோடு காட்ட வேண்டிய இடத்தில் சில நேரம் நான்கு காட்டியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. அதாவது சிக்னல் முதலிலிருந்தே குறைவு, கோடுதான் கூடுதல். ஆண்ட்ராய்டிலும் சேவைக் கம்பெனி விரும்பினால் உள்ளதைவிட ஒரு கோடு கூட்டிக் காட்டும் வசதி நிரலிலேயே இருக்கிறது என்று தங்கை மகன் சொன்னான். எந்தக் கம்பெனி பயன்படுத்துகிறது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அப்படி ஒரு வசதி இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

சரி, உள்ளே இருக்கும் அந்த மார்க் என்ன? அதன் பேர் டிபிஎம். பழைய எஸ்எஸ்எல்சி மாணவர்களே, கிளார்க்ஸ் டேபிள் ஞாபகம் இருக்கிறதா? மடக்கை! "இது வாழ்க்கையில எங்க டீச்சர் உதவும்?" என்று கேட்டீர்களே, இதோ உங்கள் சட்டைப் பையிலேயே உதவிக்கொண்டிருக்கிறது.

ஒரு மில்லிவாட் சக்தி வந்தால் 0 டிபிஎம். அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் -10. நூறில் ஒரு பங்கு -20. ஒவ்வொரு பத்து இறங்கும்போதும் பத்தால் வகுத்துக்கொண்டே போங்கள். -100 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன எண்ணை நேராக எழுதினால் பூஜ்யங்களை எண்ணியே கண் வலிக்கும் என்பதால்தான் மடக்கையில் எழுதுகிறார்கள். மூன்று இறங்கினால் சக்தி பாதி. தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு இறங்கும். வைஃபைக்கும் செல்போனுக்கும் அலகு ஒன்றுதான், எது நல்ல எண் என்பதுதான் மாறும். 4ஜி-யில் -80-ம் அதற்கு மேலும் அருமை. -100 சுமார். -110-க்குக் கீழே போனால் சிரமம். -120 பக்கத்தில் போனால் உயிர் ஊசலாட்டம்தான்.

ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடத்தை மறந்தவர்களுக்கு: -94 என்பது -114-ஐ விடப் பெரியது. எண்கோட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்ல சிக்னல்.

இந்த மார்க்கைப் போடுவதில்தான் டிரைவர் எழுதுகிறவர்களின் பாடு இருக்கிறது என்றான் தங்கை மகன். சிப் நேராக டிபிஎம் கொடுப்பதில்லை. ஒரு கம்பெனி சிப் 0-லிருந்து 100-க்குள் ஒரு எண் கொடுக்கும், இன்னொன்று 60-க்குள் கொடுக்கும். அதீரோஸ் என்ற கம்பெனியின் வைஃபை சிப்கள், இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழும்புகிறது என்று மட்டும் சொல்லும். இரைச்சல் சுமார் -95 என்று எடுத்துக்கொண்டு, சிப் 30 என்று சொன்னால், டிரைவர் இரண்டையும் கூட்டி -65 என்று எழுத வேண்டும்.

சராசரி எடுப்பதில் நம் பிள்ளைகள் செய்யும் தவறை இன்ஜினியர்களும் செய்வார்களாம். இரண்டு ஆன்டெனாவில் ஒன்று -50, ஒன்று -70 காட்டினால் சராசரி என்ன? "-60 டீச்சர்!" என்று கை தூக்குவீர்கள். தவறு. மடக்கையைப் பிரித்து உண்மையான சக்தியாக்கி, அதைச் சராசரி எடுத்து, மறுபடி மடக்கையாக்கினால் -53. இந்த எண்ணை ஒரு சின்னப் பெட்டியில் குறியோடு சேமிக்கிறார்கள். படிக்கிறபோது குறியை மறந்தால் -60 என்பது 196 ஆகிவிடும். கழித்தல் குறியை விட்டதற்கு நான் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறேன்! இப்போது சொல்லுங்கள், நான் செய்தது சரியா இல்லையா? (முட்டி போட வைத்தது தவறுதான், அந்தக் காலம் அப்படி. மன்னித்துவிடுங்கள்.)

லினக்ஸ் என்ற பொது மென்பொருளில் ஒரு காலத்தில் ஒவ்வொரு டிரைவரும் தன் சொந்த அளவுகோலில் சிக்னலைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. பிறகு, முடிந்தவரை எல்லோரும் டிபிஎம்-ல் சொல்லுங்கள் என்று அதை எழுதுகிறவர்கள் ஒரு முறைக்கு வந்தார்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற இன்ஜினியர்கள் உட்கார்ந்து ஒரே அளவுகோலுக்கு வரப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மக்களிடம் காட்டும்போது மட்டும் நாலு கோடு. இதில்தான் என் மனசு ஆறவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு பேரும் மலைக்குப் போனோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன். போன வருடம் அந்த மனிதர் நின்ற அதே தாழ்வாரத்தில் என் போனைப் பார்த்தேன். இரண்டு கோடு. உள்ளே எண்: -114. அவன் போனில் ஒரு கோடு, எண் -115. தலைமை ஆசிரியரின் போனில் மூன்று கோடு! எண் -113. மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி சிம், ஒரே இடம், எண் ஏறக்குறைய ஒன்று, கோடு ஒன்று, இரண்டு, மூன்று. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ரேஷன் கடை வாசலில் -117. அங்கன்வாடியில் -119. பள்ளத்தில் இருக்கும் தெருவில் சேவையே இல்லை. அந்தப் பாறை மேல் -94. பள்ளிக்கும் பாறைக்கும் இருபது வித்தியாசம், அதாவது நூறு மடங்கு. நடந்தால் பத்து நிமிடம். மலையில் அலை வளைந்து வளைந்து வராது. நடுவில் ஒரு முகடு நின்றால் அந்தப் பக்கம் நிழல் விழுந்துவிடும். பெரிய கல்வராயன் பக்கம் சராசரி உயரமே நாலாயிரம் அடி. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மடிப்புக்குள் இருக்கிறது. ஒரு இடத்தில் பார்த்ததை ஊர் முழுக்க என்று எழுத முடியாது.

கோடு இருந்தும் போன் ஏன் போகவில்லை என்றும் அவனிடம் கேட்டேன். டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது. நம் போன் பேசுவது அதிகபட்சம் சுமார் 0.2 வாட். டவரின் காது கூர்மைதான், இருந்தாலும் எல்லையில் நிற்கும்போது அது போதாது. வகுப்பில் டீச்சர் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். கடைசி பெஞ்சில் இருக்கும் கூச்ச சுபாவப் பிள்ளை சொல்லும் பதில் மேசைக்குக் கேட்காது. கோடு காட்டுவது டீச்சர் குரல் கேட்கிறதா என்பதை மட்டும். பிள்ளையின் பதில் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்வதில்லை. அந்த ராத்திரி நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிபிஎம் ஒன்றே எல்லாம் கிடையாது. எண் நன்றாக இருந்தும் இரைச்சல் அதிகமானால் பேச்சு புரியாது. ஒரே டவரில் கூட்டம் அதிகமானால் நெட் நகராது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் பார்த்திருப்பீர்கள், கோடு முழுசாக இருக்கும், ஒரு வீடியோ திறக்காது. மார்க் மட்டுமே பிள்ளையைச் சொல்லிவிடாது என்று உங்களுக்கு நானே எத்தனையோ முறை சொன்னதுண்டு. ஆனால் மார்க்கே தெரியாமல் கிரேடை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை பாஸ் என்று எழுதி அனுப்புவது அதைவிட மோசம். இந்த மலையூர்களுக்கு அதுதான் நடக்கிறது.

ஏன் இதை இவ்வளவு பெரிதாக்குகிறேன்? பணம் இருக்கிறது என்பதால்தான். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, நாடு முழுக்க சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பிஎஸ்என்எல் செய்கிற வேலை. நல்ல திட்டம். ஆனால் "சேவை இல்லாத கிராமம்" என்ற பட்டியலில் ஒரு ஊர் வருமா வராதா என்பது, யார் எங்கே நின்று எதைப் பார்த்து எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. தாழ்வாரத்தில் இரண்டு கோட்டைப் பார்த்து "உள்ளது" என்று எழுதினால் அந்த ஊர் பட்டியலுக்கு வெளியே. 2024-ல் டிராய் கொண்டுவந்த விதிப்படி கம்பெனிகள் தங்கள் சேவைப் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் போட வேண்டும். அதுவும் நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் ஒரு நிறம் அடித்திருக்கும். அதுவும் ஒரு கிரேடுதான்.

என் கருத்து இதுதான். ஒன்று, போன் திரையில் கோட்டுக்குப் பக்கத்திலேயே எண்ணும் தெரிய வேண்டும். பேட்டரிக்கு சதவீதம் காட்டுகிறார்களே, அது போல. படிக்காதவர்களுக்கு எண் குழப்பும் என்று சிலர் சொல்வார்கள். மலையில் படிக்காத அம்மா கடுக்காயை எடை போட்டு வாங்குகிற வியாபாரியிடம் கிராம் கணக்கில் சண்டை போடுகிறார். எண் யாரையும் குழப்பாது, எண்ணை மறைப்பதுதான் குழப்பும். இரண்டு, ஒரு கிராமத்தில் சிக்னல் உண்டு இல்லை என்று எழுதுகிற அதிகாரி, ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, கடைசித் தெரு என்று குறைந்தது நான்கு இடத்தில் நின்று எண்ணைக் குறிக்க வேண்டும், ஒரு முறை 108-க்கோ வேறு எண்ணுக்கோ உண்மையிலேயே பேச முடிகிறதா என்றும் எழுத வேண்டும். அதை ஊர்க்காரர்களும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019-லிருந்து விழுப்புரத்துக்கு ஓட வேண்டிய வேலை இல்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. நம் மனுவும் அதற்குத் தக்க மாற வேண்டும். "சிக்னல் சரியில்லை" என்று எழுதினால் "இருக்கிறது" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும். "ரேஷன் கடை வாசலில் காலை 10 மணிக்கு -117, மூன்று முறை அழைத்ததில் மூன்றும் துண்டிப்பு" என்று எழுதினால் பதில் எழுதுகிறவரும் ஒரு எண் எழுத வேண்டி வரும். அந்த நோட்டை வைத்து இரண்டாவது மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன், எந்தப் பதிலாக இருந்தாலும்.

இப்போது வீட்டுப்பாடம். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸ் போங்கள். அபௌட் ஃபோன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ், அதில் சிக்னல் ஸ்ட்ரெங்த். சில போன்களில் வேறு பெயரில் இருக்கும், தேடுங்கள். ஐபோன் என்றால் *3001#12345#* என்று டயல் செய்யுங்கள். பார்த்தவுடன் எழுதிவிடாதீர்கள். போன் பழைய வாசிப்பையும் புதிய வாசிப்பையும் கலந்து காட்டும், ஒரு நிமிடம் அசையாமல் நின்ற பிறகு குறியுங்கள். இடம், நேரம், சிம் கம்பெனி, எத்தனை கோடு, என்ன எண், ஒரு அழைப்பு போனதா இல்லையா. ஆறு விவரம்.

இன்னாடு, சேராப்பட்டு, கரியாலூர், வெள்ளிமலை பக்கம் இருக்கும் என் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். சென்னையில், துபாயில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது எழுதினால் போதும். அனுப்புகிறவர்களின் விவரங்களை ஒரே நோட்டில் சேர்த்து வைக்கிறேன். கழித்தல் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள், இப்போதும் மார்க் குறைப்பேன்.

அந்த ராத்திரி வண்டியில் பிறந்த குழந்தை இந்த வருடம் அங்கன்வாடிக்குப் போகிறாள். -119 இருக்கிற அங்கன்வாடி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கள்ளக்குறிச்சி